எடுக்காத கோடு

(காரியாபட்டியில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மாதத்தின் முதல் வாரம், சாயங்கால நேரம், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் மேசை. வரிசை நகர்ந்துகொண்டிருக்கிறது. பிஸ்கட் வருகிறது, பீப். சோப்பு வருகிறது, பீப். கடலை எண்ணெய் பாக்கெட்டுக்கும் பீப். அடுத்து வந்த மல்லிப்பொடிக்குச் சத்தமே இல்லை. பில் போடும் பெண் பாக்கெட்டைத் திருப்புகிறார். சாய்த்துக் காட்டுகிறார். சுருக்கத்தை விரலால் நீவிவிட்டு மறுபடி காட்டுகிறார். பிறகு, “அக்கா, இது எடுக்க மாட்டேங்குது. உள்ள இருந்து வேற ஒண்ணு எடுத்துட்டு வாங்களேன்” என்கிறார். வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பெரியவர் சும்மா இருப்பாரா? “எடுக்கலேன்னா சும்மா குடுத்துரும்மா!”

இந்த வேடிக்கைப் பேச்சுக்கு நாடு வித்தியாசம் கிடையாது. அமெரிக்காவில் கல்லாவில் நிற்பவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பேச்சு இது. கனடாவில் மட்டும் அதற்குப் பாதி உயிர் உண்டு. அங்கே 2002இல் சில்லறை வணிகர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட ஒரு விதிமுறை இருக்கிறது. அதில் சேர்ந்த கடையில், அலமாரியில் எழுதியிருக்கும் விலையைவிட ஸ்கேனர் காட்டும் விலை கூடுதலாக இருந்தால், 10 டாலருக்குள் அடங்கும் பொருளை இலவசமாகவே கொடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. கூடுதலாகப் பிடித்த தொகையோடு, அந்த வித்தியாசத்தைப் போல் 10 மடங்கையும் வாடிக்கையாளர் கேட்கலாம்; அது 1 டாலருக்குக் குறையாது, 5 டாலருக்கு மேல் போகாது. ஆனால் இந்த இரண்டும் கருவி தப்பாக வாசித்தால்தான் கிடைக்கும். வாசிக்கவே மறுத்தால் அங்கேயும் எதுவும் இலவசம் இல்லை.

அப்படிக் கருவி வாசிக்க மறுக்கும் அரை நிமிடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்தக் கறுப்புக் கோடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். விலை இல்லை. பொருளின் பெயர் இல்லை. காலாவதித் தேதி இல்லை. 13 இலக்கம் கொண்ட ஓர் எண் மட்டும் இருக்கிறது. ஓட்டுச்சாவடிக்குக் கொண்டுபோகும் சீட்டில் உள்ள வரிசை எண் போலத்தான் இது. ஆள் யார் என்பது அதிகாரி கையில் இருக்கும் பட்டியலில்தான் தெரியும். கடையில் அந்தப் பட்டியல் கணினியில் இருக்கிறது. பெயர், விலை, வரி விகிதம், கையிருப்பு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டி ஏற்றியிருக்க வேண்டும். கருவி செய்வது எண்ணைப் படித்துப் பட்டியலில் தேடுவது மட்டுமே.

அந்த எண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். 8901234567890 என்று ஓர் எண்ணை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை 8, 0, 2, 4, 6, 8. கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் இருப்பவை 9, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 34, அதை 3ஆல் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதோடு எதைச் சேர்த்தால் பத்தின் மடங்கு வரும்? 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு, ஆகவே கடைசி இலக்கம் 0. எந்த ஓர் இலக்கம் தப்பானாலும் இந்தக் கணக்கு உதைக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். அவற்றுக்குள் வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும், 1க்கும் 6க்கும் போல, கண்ணில் மண்ணைத் தூவிவிடலாம். வீட்டில் இருக்கும் எந்தப் பிஸ்கட் உறையிலும் பிள்ளைகளை விட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது சரியில்லை. அந்த எண்ணை வழங்கியது ஜி.எஸ்.1 இந்தியா என்ற அமைப்பு என்பதற்கு மட்டுமே 890 சாட்சி. 1996இல் மத்திய வணிக அமைச்சகமும் தொழில் வர்த்தகச் சபைகளும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. பொருளை எங்கே செய்தார்கள் என்பது உறையில் எழுத்தில்தான் இருக்கும்.

இனி, கருவி ஏன் மௌனமாகிறது? காரணங்களை இரண்டு கட்டாகக் கட்டிவிடலாம். ஒன்று, கருவிக்குக் கண் தெரியவில்லை. மற்றொன்று, கண் தெரிந்தது, ஆனால் ஆளைத் தெரியவில்லை.

கண் தெரியாத கதை நம் மாவட்டத்திலேயே தொடங்குகிறது. உறைகளும் லேபிள்களும் பெட்டிகளும் அச்சாகும் சிவகாசி இங்கிருந்து எட்டாத தூரமில்லை. நடுத்தர அளவில் அச்சிட்ட ஒரு கோட்டுத் தொகுதியின் அகலம், இரு பக்க வெற்றிடத்தோடு சேர்த்து, 37.29 மில்லிமீட்டர். அதில் கோடுகள் இருக்கும் பகுதி மட்டும் 95 சமக் கூறுகள்; ஒரு கூறின் அகலம் 0.33 மில்லிமீட்டர். மை சற்றே பரவினால் கறுப்பு தடித்து வெள்ளை மெலிந்துவிடும். அதனால்தான் அனுபவம் உள்ள அச்சகத்தார், எவ்வளவு மை பரவும் என்று பார்த்து, கோட்டை முன்கூட்டியே கொஞ்சம் மெலிதாக்கித்தான் தகடு எடுப்பார்கள்.

அளவைச் சுருக்குவதற்கும் எல்லை உண்டு. 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. அதாவது ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். ஒரு ஷாம்பு சாஷேயின் முதுகில், சட்டப்படி போட வேண்டிய எழுத்துகளுக்கு நடுவே, இந்த 30 மில்லிமீட்டரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. சாஷேயைக் கடலூரிலிருந்து நாட்டுக்கே பழக்கிய தமிழ்நாட்டில் இந்த இடநெருக்கடி புதிதில்லை. ஆகவே சிலர் கோட்டின் உயரத்தை வெட்டிவிடுகிறார்கள். சிலர் இரண்டு பக்கமும் விட வேண்டிய வெற்றிடத்தை விழுங்கிவிடுகிறார்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கருவி கண்டுகொள்வதே அந்த வெற்றிடத்தை வைத்துத்தான்.

நிறத்திலும் வம்பு இருக்கிறது. கடைகளில் இருக்கும் பெரும்பாலான கருவிகள் சிவப்பு ஒளியை வீசி, திரும்பி வருவதை அளக்கின்றன. சிவப்பு ஒளியில் சிவப்பு மை வெள்ளையாகத்தான் தெரியும். மிளகாய்ப்பொடி உறைக்கு அழகாக இருக்கட்டும் என்று கோடுகளைச் சிவப்பில் போட்டால் மனிதக் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும், கருவிக்கு வெறும் தாள். அதே உறையில் சிவப்புப் பின்னணி மேல் கறுப்புக் கோடு போட்டால் தாராளமாக எடுக்கும். பளபளக்கும் வெள்ளித்தாளில் நேரடியாக அச்சிட்டால் ஒளி கண்டபடி தெறிக்கும். காற்று அடைத்த சிப்ஸ் உறை நெளியும். குளிர்பெட்டியிலிருந்து வந்த பால் பாக்கெட்டில் நீர் பூக்கும். பில் போடுகிறவர் துடைப்பதும் நீவுவதும் பழக்கதோஷம் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்கான சிகிச்சை.

இந்தக் கரிசல் காட்டு வெயிலுக்கென்று தனிக் கோளாறு ஒன்றும் உண்டு. துவரம்பருப்பையும் மிளகாய் வத்தலையும் கடையிலேயே எடை போட்டுக் கட்டி, தராசிலிருந்து வரும் சீட்டை ஒட்டுகிறார்கள் அல்லவா? அந்தச் சீட்டில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. வெயில் விழும் சன்னல் ஓரத்தில் வைத்தாலோ, எண்ணெய்ப் பசை பட்டாலோ எழுத்து மங்கும், அல்லது தாளே கறுத்துப்போகும். அந்தச் சீட்டில் உள்ள எண் பெரும்பாலும் 2 என்று தொடங்கும். உலக அளவில் அந்தத் தொடக்கத்தைக் கடைகள் தங்களுக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கியிருக்கிறார்கள். அதில்தான் விலையோ எடையோ கோட்டுக்குள்ளேயே போகிறது. ஒரு கடையின் அந்தச் சீட்டை அடுத்த கடையில் காட்டினால் அர்த்தம் இருக்காது.

கோடு நேராக இருப்பதற்கே ஓர் அச்சுக் கோளாறுதான் காரணம் என்றால் நம்பத் தோன்றாது. 1948இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், டிரெக்ஸல் கல்லூரியைச் சேர்ந்த பெர்னார்டு சில்வரும் நார்மன் ஜோசப் வுட்லண்டும் இந்த யோசனையில் இறங்கினார்கள். வுட்லண்டுக்கு மோர்ஸ் குறியீடு தெரியும். மயாமி கடற்கரை மணலில் புள்ளியும் கோடும் வைத்து, அவற்றை விரலால் கீழ்நோக்கி இழுத்தபோது மெல்லிய கோடும் தடித்த கோடும் பிறந்தன என்பார்கள். 1952இல் அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. அவர்கள் விரும்பிய வடிவம் வட்டத்துக்குள் வட்டம். எந்தப் பக்கமிருந்து காட்டினாலும் படிக்கலாம் என்பது கணக்கு. 1972இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் சின்சினாட்டியில் ஒரு குரோகர் கடையில் அதைச் சோதித்தும் பார்த்தது. அச்சு ஓடும் திசையில் மை இழுபட்டு வட்டங்கள் கெட்டுப்போயின. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் நேர்கோடுகளைப் போட்டார். அச்சு ஓடும் திசையிலேயே கோட்டை நிறுத்தினால், மை இழுபட்டாலும் கோடு உயரமாகும், அவ்வளவுதான், அகலம் கெடாது. 1973 ஏப்ரலில் அந்த வடிவமே தேர்வானது. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் டிராய் என்ற சிற்றூரில் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், ரிக்லி நிறுவனத்தின் ஜூசி ஃப்ரூட் சூயிங்கம் கட்டு ஒன்று 67 சென்டுக்குப் பில்லானது. இந்த நேர்கோட்டு வடிவத்தின் முதல் பீப் அதுதான்.

சரி, கருவிக்குக் கண் தெரியவில்லை. பில் போடுகிறவர் கோட்டுக்குக் கீழே இருக்கும் 13 இலக்கங்களையும் கையால் தட்டுகிறார். எண்கள் கண்ணுக்குத் தெரியும்படி அச்சிட்டிருப்பதே இதற்காகத்தான். ஓர் எண் பிசகினால் அந்தக் கடைசிக் காவல்காரன் தடுத்துவிடுவான். இப்போது இரண்டாவது மௌனம் வரலாம். எண் சரி, ஆனால் திரையில் “ஐட்டம் இல்லை” என்று நிற்கிறது. சரக்கு மதியம்தான் வண்டியில் வந்து இறங்கியது; அலமாரிக்கு வந்துவிட்டது, கணினிக்கு வரவில்லை. அல்லது கம்பெனி உறையை மாற்றியபோது எண்ணையும் மாற்றிவிட்டது. “தம்பி, புது மல்லிப்பொடிக்குக் கோடு போடலையா?” என்று உள்ளே பார்த்துக் குரல் போகிறது.

இந்த இடத்தில் நிலைமையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது மல்லிப்பொடி என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். பில் போடும் பெண்ணுக்கும் தெரியும். அதன் விலைகூட மனப்பாடம். பாக்கெட்டிலும் விலை அச்சாகியிருக்கிறது. ஆனாலும் விற்க முடியவில்லை. பலசரக்குக் கடை அண்ணாச்சி காலத்தில் இப்படி ஒரு நிலைமைக்கே இடமில்லை. சிட்டையைப் பார்த்தபடியே பொட்டலம் மடிப்பார், பெயரும் விலையும் இருப்பும் ஒரே மண்டைக்குள் இருந்தன. இப்போது எண் உறையில், பெயரும் விலையும் கணினியில், இருப்பு இன்னொரு கணக்கில், வரி வேறொரு கட்டத்தில் என்று அறிவு நாலாகப் பிரிந்துவிட்டது. நாலையும் இணைப்பது கோடு. அது எடுக்காவிட்டால், தெரிந்த மனிதர்கள் தெரியாத கருவிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நேரம் போகிறது, வரிசை முணுமுணுக்கிறது. அப்போது ஒரு குறுக்குவழி கை கொடுக்கிறது. அதே விலையில் மிளகாய்ப்பொடி பாக்கெட் பக்கத்தில் இருக்கிறது. அதை ஒரு பீப் அடித்து மல்லிப்பொடியைப் பையில் போட்டுவிட்டால் காசு சரியாகிவிடும். யாருக்கும் நட்டமில்லை என்றுதான் தோன்றும். இப்படி ஒரு வாரம் 12 பாக்கெட் போனதாக வைத்துக்கொள்வோம். கணினியைப் பொறுத்தவரை மிளகாய்ப்பொடி 12 குறைந்துவிட்டது, மல்லிப்பொடி அப்படியே இருக்கிறது. அடுத்த ஆர்டரில் மிளகாய்ப்பொடி மறுபடி வந்து குவிகிறது. மல்லிப்பொடி இருந்த அலமாரி காலியாகக் கிடக்க, கணினி “12 இருக்கிறது” என்று சாதிக்கிறது. வரி விகிதம் வேறான பொருளில் இதைச் செய்தால் ஜி.எஸ்.டி. கணக்கும் பிசகும்.

பட்டியல் தப்பானால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டார்கெட் என்ற பெரிய அமெரிக்கக் கடைத்தொடர் உதாரணம். 2013இல் கனடாவில் நுழைந்த அந்த நிறுவனம் 133 கடைகள் வைத்திருந்தது. அவசரத்தில் ஏற்றிய பொருள் விவரங்களில் பிழை மலிந்திருந்தது. பெட்டியின் அளவு இன்ச்சில் போட வேண்டிய இடத்தில் சென்டிமீட்டர், கோட்டு எண்ணில் இலக்கம் குறைவு, இப்படி. கிடங்கில் சரக்கு நெருக்க, கடையில் அலமாரி வெறிச்சோடியது. 2015இல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கிளம்பினார்கள். தோல்விக்குக் காரணங்கள் பல. இந்தப் பட்டியல் அதில் முக்கியமான ஒன்று.

நம் ஊர் வாடிக்கையாளருக்கு ஒரு விஷயத்தில் அமெரிக்கரைவிடப் பலம் அதிகம். இங்கே பொட்டலப் பொருளின் மேல் அதிகபட்ச சில்லறை விலையை, எல்லா வரிகளும் உட்பட, அச்சிட்டே ஆக வேண்டும். 1990 முதல் வந்த ஏற்பாடு இது. இப்போது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் அதைக் கட்டாயமாக்குகின்றன. தயாரித்தவர் முகவரி, நிகர எடை, மாதம், வருடம், புகார் சொல்ல வேண்டிய இடம் ஆகியவையும் கட்டாயம். கோடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கருவி மௌனமானாலும் விலை வாடிக்கையாளர் கையிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் அப்படி இல்லை. ஸ்கேனர் வந்த புதிதில், ஒவ்வொரு பொருளிலும் ஒட்டிவந்த விலைச் சீட்டைக் கடைகள் கைவிடப் பார்த்தன. நுகர்வோர் அமைப்புகள் சண்டைக்கு நின்றன. சீட்டு ஒட்டியே ஆக வேண்டும் என்று 1976இல் சட்டம் போட்ட மாநிலங்களில் மிச்சிகனும் ஒன்று. 2011இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். 10 மடங்குச் சலுகை அதிலும் தொடர்கிறது. அங்கே கோடு எடுக்காவிட்டால் விலை என்ன என்று பார்த்துவர ஓர் ஆள் அலமாரி வரைக்கும் ஓட வேண்டும். இங்கே உறையைத் திருப்பினால் போதும்.

ஆனால் இதே எம்.ஆர்.பி. நம் கடைகளுக்கு வேறொரு சிக்கலைத் தந்திருக்கிறது. கம்பெனி விலையை ஏற்றினால் புது உறையில் புது விலை வரும். கோட்டு எண் பெரும்பாலும் அதேதான். பழைய சரக்கும் புதுச் சரக்கும் அலமாரியில் கலந்து நிற்கும். ஸ்கேன் செய்ததும் திரையில் இரண்டு மூன்று விலைகள் வரிசையாக வரும், பில் போடுகிறவர் உறையைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் மேலே இருப்பதையே தட்டிவிட்டால் பழைய பாக்கெட்டுக்குப் புது விலை விழும். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றம். கருவி உற்சாகமாகப் பீப் அடித்த பில்லில்தான் இந்தத் தப்பு நடக்கிறது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று இது தலைகீழாக நடந்தது. ஜி.எஸ்.டி. விகிதங்கள் குறைந்தன. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கின. முன்பு வரியோடு 118 ரூபாய் என்று அச்சான பொருள், அடக்கவிலை மாறாவிட்டால், 105 ரூபாய்க்கு வர வேண்டும். கடையில் இருந்த உறைகளிலோ பழைய விலைதான். அவற்றைத் தொடர்ந்து விற்க அரசு அவகாசம் கொடுத்தது. கோடு மாறவில்லை, உறை மாறவில்லை. ஒரே இரவில் கணினிப் பட்டியல் மட்டும் மாறியது. பட்டியலைத் திருத்தாத கடையில் அதே கோடு, அதே பீப், பழைய விலை. விலை கோட்டுக்குள் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

இதுவரை பேசியது சூப்பர் மார்க்கெட். காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பெரும்பாலான குடும்பங்கள் மாதாமாதம் கட்டாயம் போகிற இன்னொரு பில் மேசையும் இருக்கிறது. அது ரேஷன் கடை. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பழைய குடும்ப அட்டைப் புத்தகத்துக்குப் பதிலாக ஸ்மார்ட் கார்டு வந்தது. அதன் மேல் இருக்கும் கியூ.ஆர். கட்டக் குறியைக் கருவியில் காட்டினால் குடும்பத்தின் கணக்கு திறக்கும். 2020 அக்டோபர் 1 முதல், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோடு, விரல்ரேகையும் சேர்ந்தது. சூப்பர் மார்க்கெட்டில் வாசிக்கப்படுவது பொருள். ரேஷன் கடையில் வாசிக்கப்படுவது மனிதர்.

அச்சகத்தில் மை பரவுவது போல மனிதர் விரலுக்கும் கோளாறுகள் உண்டு. களை எடுத்தும், பருத்தி எடுத்தும், செங்கல் சுமந்தும் தேய்ந்த விரலில் ரேகை மழுங்கிப்போகிறது. வயதானால் தோல் வறண்டு சுருங்குகிறது. “ரேகை விழல, பாட்டி. கையை நல்லாத் துடைச்சிட்டு வைங்க” என்பது கோடைகாலத்தில் ரேஷன் கடையில் அடிக்கடி கேட்கிற வாக்கியம். அந்தப் பாட்டியை விற்பனையாளருக்கு நன்றாகத் தெரியும். எந்தத் தெரு, யார் வீட்டு மாமியார் என்பது வரைக்கும் தெரியும். இங்கேயும் தெரிந்த மனிதர் தெரியாத கருவிக்காகக் காத்திருக்கிறார். வித்தியாசம் ஒன்றுதான். மல்லிப்பொடியை “வேண்டாம், வச்சிருங்க” என்று சொல்லிவிட்டுப் போகலாம். அரிசியை அப்படி வைத்துவிட்டுப் போக முடியாது.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதை நாடு 2017இல் பார்த்தது. ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி செப்டம்பர் மாதக் கடைசியில் இறந்துபோனாள். குடும்ப அட்டை ஆதாரோடு இணைக்கப்படாததால் பெயர் நீக்கப்பட்டு, மாதக்கணக்கில் ரேஷன் வரவில்லை. பட்டினியில் இறந்தாள் என்று தாய் சொன்னார். மலேரியா என்றது அரசுத் தரப்பு. அடுத்த மாதம், ஆதார் இல்லை என்றோ, கருவி அடையாளம் காணவில்லை என்றோ, உரியவருக்கு ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

தமிழ்நாட்டில் மாற்று வழிகள் பல உண்டு. ஒரு விரல் விழாவிட்டால் வேறு விரல், ஒருவருக்கு விழாவிட்டால் அட்டையில் பெயர் உள்ள வேறொருவர், கருவிழிக் கருவி உள்ள கடைகளில் கண். கடைக்கு வர முடியாதவர்கள் தம் சார்பில் ஓர் ஆளை நியமித்துப் படிவம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தராசும் பில் கருவியும் வண்டியில் ஏறி வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கின.

இரண்டு மேசைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கருவி எவ்வளவு வேகமாக வாசிக்கிறது என்பதை எல்லாரும் விளம்பரப்படுத்துகிறார்கள். வாசிக்காத நேரத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை யாரும் சுவரில் எழுதி ஒட்டுவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் அந்த ஏற்பாடு கோட்டுக்குக் கீழே இருக்கும் 13 எண்களும் எம்.ஆர்.பி.யும். இரண்டையும் படிக்க மின்சாரம்கூட வேண்டாம். ரேஷனில் அந்த ஏற்பாடு உத்தரவுகளாக இருக்கிறது. ஆனால் கியூவில் நிற்கும் பாட்டிக்கு அது தெரிந்திருந்தால்தான் கேட்க முடியும். மாற்று வழிகளை ஒவ்வொரு ரேஷன் கடைப் பலகையிலும், இருப்பு விவரத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். செலவு ஒரு சாக்பீஸ்.

கோடும் மாறப்போகிறது. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் உருவாக்கிய கியூ.ஆர். குறியை இன்று பூக்கடையிலும் பார்க்கிறோம். அதைப் போன்ற கட்டக் குறிகளை 2027க்குள் உலகக் கடைகளின் பில் கருவிகள் படிக்கத் தயாராக வேண்டும் என்று ஜி.எஸ்.1 உலக அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் சேர்ந்தே போக முடியும். தேதி கடந்த பாக்கெட்டைக் காட்டினால் கருவி பில் போடாமல் நிற்கும்படி செய்யலாம். அந்த மௌனம் வந்தால், “எப்படியாவது அடிச்சுக் குடும்மா” என்று பில் போடுகிறவரை வற்புறுத்தாமல் இருப்பது வாடிக்கையாளர் பங்கு.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிறுதானிய மாவும் வத்தலும் செக்கு எண்ணெயும் போட்டு விற்கிறவர்கள் சிலர் இருப்பீர்கள். பெரிய கடைக்குள் போக வேண்டுமானால் கோடு கேட்பார்கள். இணையத்தில் மலிவாக விற்கும் எண்ணை வாங்கி ஒட்டினால், அது வேறொருவருடைய எண்ணாக இருந்து, உங்கள் கம்பு மாவு திரையில் யாருடைய சோப்பாகவோ வந்து நிற்கலாம். எண்ணை ஜி.எஸ்.1 இந்தியாவிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். குறுந்தொழில்கள் கட்டும் பதிவுக் கட்டணத்தில் 75 விழுக்காட்டைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்றை மத்திய சிறு குறு தொழில் அமைச்சகம் நடத்திவந்திருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய நிலையைக் கேட்டுப் பார்க்கலாம்.

வாடிக்கையாளர்களுக்கு இரண்டு எண்கள்: பில்லில் எம்.ஆர்.பி.க்கு மேல் விழுந்து கடைக்காரர் திருத்த மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; ரேஷனில் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் 1967.

தயாரிப்பாளர்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. சிவகாசியில் உறைக்கு ஆர்டர் கொடுக்கும்போது, வெள்ளைக் கட்டத்தில் கறுப்புக் கோடு, நடுத்தர அளவில் இடப்பக்கம் 3.63 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2.31 மில்லிமீட்டர் வெற்றிடம் என்று எழுத்திலேயே கொடுங்கள். மாதிரி உறை வந்ததும் செல்போனில் எடுக்கிறதா என்று பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். செல்போன் கேமரா கியூ.ஆரோடு கூடப் பழகிய கண். கடைக் கருவி அப்படியில்லை. மாதிரியில் மாவை நிரப்பி, வாயை ஒட்டி, பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் பில் போடுகிறவரிடம் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு ஐந்து விநாடி வேலை. எடுக்கவில்லை என்றால் ஆயிரக்கணக்கான உறைகள் அச்சாவதற்கு முன்பே தகட்டை மாற்றச் சொல்லிவிடலாம்.